கையைக் கடிக்காத கிறிஸ்மஸ்: எங்கே தவறுகிறோம்?

பணம் தட்டுப்பாடான வருஷத்தில் பெரும்பாலான வீடுகளில் முதல் வெட்டு பலகாரத்துக்குத்தான் விழும். "இந்தத் தடவை சுட வேண்டாம், கடையில் அரைக் கிலோ வாங்கிக்கொள்வோம்" என்பார்கள். அடுத்தது குடில். "அது வேறயா?" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் ஆளுக்கு இரண்டு ஜோடித் துணியும் 25ஆம் தேதி மட்டனும் அசையாமல் நிற்கும். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தில் நான் பார்க்கிற பெரிய தவறு இதுதான். வீடே கூடி உட்கார்ந்து சிக்கனமாகச் செய்கிற வேலைகளைக் குறைத்துவிட்டு, ஊர் பார்ப்பதற்காகச் செய்கிற செலவைத் தொடாமல் விடுகிறோம்.

துணியிலிருந்தே தொடங்கலாம். கிறிஸ்மஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று எடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 31ஆம் தேதி இரவு ஆராதனைக்குக் கிறிஸ்மஸ் உடுப்பையே போட்டுக்கொண்டு போகலாம். "என்ன மதினி, புதுசு எடுக்கலையா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுக் கடந்துவிட வேண்டியதுதான். பெரியவர்களுக்கு ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்து வைத்துவிடலாம். பிள்ளைகளுக்கு மட்டும் டிசம்பரில் எடுங்கள், அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். சின்னப் பெண் பிள்ளைக்கு வலைத்துணியில் ஜிகினா வைத்த கவுன் எடுப்பது காசைக் கரியாக்குகிற வேலை. பிரசங்கம் தொடங்குவதற்குள் அது கழுத்தில் உறுத்தி, பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கவுன் பீரோவை விட்டு வெளியே வராது. பருத்திப் பாவாடை சட்டை என்றால் வருஷம் முழுக்க உழைக்கும்.

தையல் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. டிசம்பர் பாதி தாண்டினால் பல தையல்காரர்கள் துணியே வாங்க மாட்டார்கள். அவசரத்துக்கு ரெடிமேட் ஜாக்கெட் ஒன்று வாங்கினால், எடுத்த துணிக்கும் காசு, அதற்கும் காசு.

இனி பலகாரம். கடையில் வாங்குவதோடு ஒப்பிட்டால் வீட்டில் சுடுவதில் எவ்வளவோ மிச்சம். முந்திரிக்கொத்துக்கு முந்திரி எதுவும் வேண்டாம். வறுத்துப் பொடித்த சிறுபயறு, வெல்லப்பாகு, எள், தேங்காய்த் துருவல், ஏலக்காய், மேலே தோய்க்க அரிசிமாவுக் கரைசல், அவ்வளவுதான். தேங்காயைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்தால் நாள்பட இருக்கும், இல்லாவிட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அச்சுமுறுக்கில்தான் பலர் மாவை வீணாக்குகிறார்கள். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முங்க வேண்டும். விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விட்டு இறங்காது, கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். இரண்டையும் ஒரே நாளில் சுட்டால் எண்ணெய் மிச்சம். அச்சுமுறுக்கு முதலில், முந்திரிக்கொத்து கடைசியில். வரிசையை மாற்றினால், கசிகிற பாகில் எண்ணெய் கறுத்து, முறுக்கும் நிறம் மாறிவிடும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். உருண்டை பிடிக்க அவர்களை உட்கார வையுங்கள். அளவு மட்டும் கவனம். பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொடுக்காமல் இருக்க முடியாது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அவர்கள் கொடுத்ததை நாம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். அதற்காக ஐந்து வகை வேண்டியதில்லை, இரண்டு போதும். கேக் ஆசை இருந்தால் குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்துகொள்ளலாம். பேரீச்சையும் கறுப்புத் திராட்சையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறினாலே நல்ல ருசி.

குடில் செலவே இல்லாத விஷயம். ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பு சிரட்டையில் மண் நிரப்பிக் கேழ்வரகு தூவினால் 24ஆம் தேதிக்குப் பச்சைப் புல் தயார். மரத்துக்குச் சவுக்குக் கிளை இருக்கிறது. பிளாஸ்டிக் மரம் எதற்கு? ஆனால் கரண்ட் பில்லுக்குப் பயந்து ஸ்டார் விளக்கை அணைத்து வைப்பதில் அர்த்தமில்லை. 10 வாட் எல்.இ.டி. சீரியல் செட் தினம் 6 மணி நேரம் எரிந்தாலும் 30 நாளுக்கு 1.8 யூனிட்தான்.

சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் டிக்கெட்டில்தான் அடி வாங்குகிறார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதாவது டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25. அன்று காலை முத்துநகர் எக்ஸ்பிரஸையோ நெல்லை எக்ஸ்பிரஸையோ தவறவிட்டால், ஆம்னி பஸ்காரர் சொல்வதுதான் கட்டணம். டிக்கெட் கிடைக்கவில்லையா, 26க்கு மேல் வாருங்கள். ஜனவரி 6 வரை கிறிஸ்மஸ் காலம்தானே. 25ஆம் தேதி கறிக்கடையில் வரிசை நிற்கிற கூட்டமும் அன்று இருக்காது. குடும்ப விருந்தையும் அப்போது வைத்துக்கொண்டால், வருகிற ஒவ்வொரு வீடும் ஒரு பதார்த்தம் கொண்டுவரலாம். அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் என்று எல்லாருக்கும் பரிசு வாங்குவதற்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் வாங்கலாம்.

பட்டியலில் வராத செலவுகளும் உண்டு. வீடு வீடாகப் பாட்டுப் பாடி வருகிற கேரல் ரவுண்ட்ஸ் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்கும். ஆலயத்தில் ஒன்று, வாலிபர் சங்கம் ஒன்று, தெருப் பையன்கள் ஒன்று. காணிக்கையும் டீயும் கொடுக்காமல் அனுப்ப முடியாது. இதற்கென்று ஒரு தொகையைச் சில்லறையாக மாற்றி, டிசம்பர் முதல் வாரமே ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கையில் இருக்கிற ஐநூறு ரூபாய்த் தாள் போய்விடும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிவிடும். ஆளுக்கு ஒரு முழம் என்பதை ஆளுக்கு ஒரு துண்டு என்று மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கடன். குழுக் கடனையோ நகை அடகையோ பண்டிகைக்குப் பயன்படுத்தினால் அதன் தவணை பொங்கலில் வந்து நிற்கும். சில நிறுவனங்கள் கிறிஸ்மஸுக்காக 23ஆம் தேதியே சம்பளம் போடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த சம்பளம் ஜனவரி 31 என்றால் நடுவில் 39 நாள். ஜனவரி வாடகை, பால், பிள்ளைகளின் கட்டணம் எல்லாவற்றையும் அன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியோடுதான் கடைக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரோ நடத்துகிற பதிவில்லாத சேமிப்பு ஃபண்டில் வாரா வாரம் கட்டுவதைவிட வங்கியில் மாதாமாதம் கட்டுகிற ஓராண்டு ஆர்.டி. (தொடர் வைப்பு) மேல். இந்த டிசம்பரில் மாதம் 500 ரூபாய்க்குத் தொடங்கினால், அடுத்த டிசம்பரில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.