டச்சு ஸ்டில் லைஃப் ஓவியங்கள்: பொருள் கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டையோடு என்றால் மரணம், சிப்பி என்றால் காமம், எலுமிச்சை என்றால் புறத்தே அழகும் அகத்தே புளிப்பும் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு, 17ஆம் நூற்றாண்டு டச்சு ஸ்டில் லைஃப் ஓவியங்களுக்கு, அதாவது உணவு, மலர், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களைத் தீட்டிய படங்களுக்கு, உரை சொல்லும் வழக்கத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும். ஒரு பொருள் என்ன சொல்கிறது என்பதை அதனருகே இருக்கும் மற்றப் பொருள்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, ஹார்மென் ஸ்டேன்வெய்க் 1640 வாக்கில் தீட்டிய படத்தில், ஒளிக்கற்றை விழும் மண்டையோட்டைச் சுற்றிக் கடிகாரம், அணைந்த விளக்கு, புத்தகங்கள், இசைக்கருவிகள், ஜப்பானிய வாள், அரிய சங்கு எல்லாம் கிடக்கின்றன. ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்னும், பைபிளின் பிரசங்கி நூல் வாசகத்தை அங்கே காண்பதில் தவறில்லை. ஆனால் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் தீட்டிய விருந்து மேசையில் மண்டையோடு இல்லை. அங்குள்ள பாதி உரித்த எலுமிச்சையை நீதிபோதனையாக மட்டும் கொள்வது அவசரம்: மேசையில் இருக்கும் சிப்பி உணவுக்கும் மதுவுக்கும் அது வேண்டும், தவிர ஈரச் சுளையையும் சுருண்டு தொங்கும் தோலையும் தீட்டிக் காட்டுவது ஓவியனின் கைத்திறனுக்கே ஒரு சவால்.

துலிப் மலரைக் கண்டதும் துலிப் கிழங்குகளின் விலை தாறுமாறாக ஏறி 1637இல் சரிந்த கதையைப் பேசுவது அடுத்த தவறு. துலிப் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட் 1621லேயே இறந்துவிட்டார். துலிப்புக்குப் பணத்தை இறைப்பவர்களை டச்சுக் கவிஞர் ரூமர் ஃபிஸ்ஸர் கேலி செய்தது அதற்கும் முன்னால், 1614இல்.

மலர்ச்செண்டுகளை ஒரே நாளில் பறித்து அடுக்கியவை என்று நம்பவும் கூடாது. வெவ்வேறு பருவங்களில் பூப்பவை ஒரே குவளையில் நிற்கின்றன. மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று மலர் ஓவியர் யான் ஃபான் ஹௌசும் 1742இல் கடிதமே எழுதியிருக்கிறார்.

நமக்கென்றே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. பீட்டர் கிளாஸ் 1627இல் தீட்டிய வான்கோழிப் படத்தில், சீனப் பீங்கானோடு காகிதச் சுருளில் மிளகும் இருக்கிறது. அதை உடனே மலபார் மிளகு என்று உரிமை கொண்டாடத் தோன்றும். ஆனால் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அக்காலத்தில் மிளகைப் பெருமளவு ஜாவா, சுமத்ரா பகுதிகளில்தான் வாங்கியது, கொச்சியைக் கைப்பற்றியதோ 1663இல்.