கையில காசில்லாம 1750 லண்டன் வழிப்பறிக்காரன் படம் எடுக்கறது எப்படி (மொரிஷியஸ்ல இருந்துக்கிட்டு)

போன வருஷம் எங்க சங்கத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் போதும்பா, 20 நிமிஷத்துல ஒரு படம் போடுவோம்னு பசங்க கிளம்பிட்டாங்க. கதை 1750 லண்டன், குதிரையில வந்து கோச்சு வண்டியை மறிக்கற வழிப்பறிக்காரன். நம்ம பாலைத்திணையில வர்ற ஆறலைக் கள்வன் தான், தலையில விக்கு மட்டும் எக்ஸ்ட்ரா. மொரிஷியஸ்ல லண்டனான்னு சிரிச்சவங்க தான் நிறைய, இப்ப அவங்களே எப்படி எடுத்தீங்கன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. பழைய நகரம்னா பெரிய பெரிய கட்டடம்னு நினைச்சீங்கன்னா காசு கரைஞ்சு போயிடும். பழைய நகரம்னா இருட்டு. தெருவுல அங்கங்க ஒரு எண்ணெய் விளக்கு, சில்லறை குடுத்தா பந்தம் புடிச்சு முன்னாடி நடந்து வீடு வரைக்கும் கொண்டு விடற சின்ன பசங்க, ராத்திரி காவலுக்கு லாந்தரும் தடியுமா வயசான ஆளுங்க, அவ்ளோ தான். இன்னிக்கு மாதிரி போலீஸ் கிடையாது, நாவல் எழுதுன மாஜிஸ்ட்ரேட் ஹென்றி ஃபீல்டிங் லண்டன் போ ஸ்ட்ரீட்ல ஒரு சின்ன கூட்டத்தை வச்சு ஆரம்பிச்சதே 1749ல தான். அதனால இருட்டை எடுக்கத் தெரிஞ்சா செட்டு செலவு பாதி மிச்சம்.

கதைக்கு எல்லாரும் டிக் டர்பின்ங்கற பிரபல வழிப்பறிக்காரன்கிட்ட தான் போவாங்க, போகாதீங்க. ஒரே ராத்திரியில கருப்புக் குதிரையில யார்க் போனான்ங்கறது 1834ல வந்த ஒரு நாவல் பரப்புன கதை. நிஜ டர்பின் கசாப்புக் கடைக்காரன், வீடு புகுந்து ஆளை அடிச்சு கொள்ளையடிச்ச கும்பல்ல இருந்தவன், 1739ல யார்க்ல தூக்குல போட்டாங்க. நாங்க எடுத்தது ஜேம்ஸ் மெக்லேன்ங்கற இன்னொரு நிஜ வழிப்பறிக்காரன். பாதிரியார் வீட்டுப் புள்ளை, செயின்ட் ஜேம்ஸ் பக்கம் ரூம் எடுத்து பெரிய மனுஷன் மாதிரி திரிஞ்ச ஆளு. 1749 நவம்பர்ல ஹைட் பார்க்ல எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலோட வண்டியை மறிச்சப்போ துப்பாக்கி தானா வெடிச்சு குண்டு அவர் முகத்தை உரசிட்டு போச்சு. ஒரு வண்டி, ரெண்டு திருடனுங்க, கை தவறி வெடிச்ச ஒரே ஒரு குண்டு, சின்ன படத்துக்கு இதைவிட என்ன சீன் வேணும் சொல்லுங்க. கடைசியில திருடுன துணியோட லேஸை விக்கப்போய் மாட்டி, 1750 அக்டோபர் 3 லண்டன்ல தூக்கு போடற இடமான டைபர்ன்ல தூக்கு.

தீர்ப்பு வந்த பின்னாடி முதல் ஞாயித்துக்கிழமை 3000 பேரு ஜெயிலுக்கு வந்து அவனை வேடிக்கை பாத்தாங்கன்னும் அந்த புழுக்கத்துல அவன் ரெண்டு தடவை மயங்கி விழுந்தான்னும் வால்போலே எழுதி வச்சிருக்காரு. 3000 பேருக்கு எங்க போறது, எங்ககிட்ட இருந்தது 7 பேரு. கேமராவை மெக்லேன் மூஞ்சியிலயே வச்சோம், முகத்து மேல நிழல் மட்டும் போயிட்டு போயிட்டு வரும், கூட்டத்து சத்தம் காவடி அன்னிக்கு கோயில் வாசல்ல ரெக்கார்ட் பண்ணது, வார்த்தை புரியாத அளவுக்கு அமுக்கிட்டோம். அரோகரா ஒண்ணு லேசா கேக்கும், கண்டுபுடிச்சவங்க இதுவரைக்கும் ரெண்டே பேரு.

இடம்னா போர்ட் லூயிஸ்ல பழைய கருங்கல் சுவரு எதுவா இருந்தாலும் சரி, கீழ இருந்து எடுங்க, மேல போனா ஏசி பெட்டியும் வயரும் வந்துடும். ஒரு விஷயம் சொல்லணும், டர்பின் கொள்ளையடிச்சிட்டு இருந்த அதே 1735ல தான் லா பூர்தொனேங்கற பிரெஞ்சுக்காரர் இங்க கவர்னரா வந்து, பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து நம்ம கொத்தனாருங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து இந்த ஊரைக் கட்ட ஆரம்பிச்சாரு. அதனால எங்க லண்டன்ல தமிழன் கையும் இருக்குன்னு ஒரு அல்ப சந்தோஷம். ஆனா ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்குன ஆப்ரவாசி காட் பக்கம் போகல. அது 1849ல வந்தது, காலம் ஒத்து வராதுங்கறது ஒரு பக்கம், நம்ம சனங்க மூட்டையோட ஏறுன அந்தப் படிக்கட்டுல திருடன் வேஷத்துல நிக்க யாருக்கும் மனசு வரல. ரோட்டு சீனுக்கு மேட்டுல இருக்கற க்யூர்பிப் பக்கம் ஜூலையில (இங்க அப்ப தான் குளிர்காலம்) போங்க, தூறலும் மூடுபனியும் ஓசியில கிடைக்கும். கரும்பு ஃப்ரேம்ல வந்துடக் கூடாது, லண்டன்ல ஏது கரும்பு, ஆனா வெளிச்சம் அடிக்காம விட்டா வெறும் கருப்பு வேலி மாதிரி தான் தெரியும். அங்க பந்தம் கொளுத்தற வேலை மட்டும் வேணவே வேணாம், காஞ்ச சோகையில ஒரு பொறி விழுந்தா முடிஞ்சது கதை.

லாந்தருக்குள்ள சின்ன எல்இடி வச்சு மஞ்சள் காகிதம் சுத்துங்க. 1975ல வந்த 'பேரி லிண்டன்' படத்தை மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுக்கறதுக்கு டைரக்டர் குப்ரிக், நாசாவுக்குன்னு செஞ்ச, கம்மி வெளிச்சத்துலயும் எடுக்கற எஃப் 0.7 லென்ஸை வாங்கினாரு, நமக்கு போன் தான். போன்ல எல்லாத்தையும் கையால லாக் பண்ணுங்க, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கற அளவு) 800ஐ தாண்ட விடாதீங்க, ஷட்டர் 1/50 (இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒத்து வராத வேகம் வச்சா லைட்டு துடிக்கும்), ஒயிட் பேலன்ஸ் 3200. ஆட்டோல விட்டீங்கன்னா போன் இருட்டைப் பாத்து பயந்து எல்லாத்தையும் சாம்பல் கலருல வெளுத்துடும். ஆளை விளக்குக்கு பக்கத்துல கூட்டிட்டு வாங்க, விளக்கைக் கூட்டாதீங்க.

துப்பாக்கிக்கு பொம்மை போதும், ஆனா பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு துப்பாக்கிக்கு ஒரே குண்டு தான், அடுத்தது போட்டு கெட்டிக்கறதுக்குள்ள வண்டி ஓடிப்போயிடும், அதான் அவனுங்க ரெண்டு மூணு சொருகிக்கிட்டு வருவானுங்க. துப்பாக்கி ட்ரிக்கரை இழுத்தா முதல்ல மேல ஒரு பொறி, கண் சிமிட்டற நேரம் கழிச்சு தான் டமால், எடிட்டிங்ல அந்த கேப்பை விட்டுப் பாருங்க, படத்துக்கே ஒரு கெத்து வந்துடும்.

உடுப்புக்கு கல்யாண ஷெர்வானி தான் எங்களுக்கு கை குடுத்துச்சு, முழங்கால் வரைக்கும் வரும், கை நுனியில அகலமா மடிச்சு தைச்சு பட்டன் வச்சா அந்த காலத்து கோட்டு. பழைய ஃபெல்ட் தொப்பியை மூணு பக்கமும் தூக்கி ரெண்டு தையல் போடுங்க. விக்குக்கு அவங்க நிஜமாவே ஸ்டார்ச் மாவு தான் தூவுனாங்க, நாங்களும் அதே மாதிரி மரவள்ளி மாவு தூவி டிசம்பர்ல போர்ட் லூயிஸ் வெயில்ல ஒரு டெஸ்ட் ஷூட் வச்சோம், பத்தே நிமிஷத்துல வேர்வையில கரைஞ்சு வால்போலா நடிச்சவர் நெத்தியில கஞ்சியா வழிஞ்சுது. அப்புறம் எல்லாமே ராத்திரி தான்.

குதிரையை ஓட விடாதீங்க, கத்துக்காத ஆளு விழுந்தா ஆஸ்பத்திரி தான். காது, கழுத்து, மூக்குல வர்ற ஆவி, இதெல்லாம் கிட்டத்துல எடுத்துக்கோங்க. ஓடற சத்தத்துக்கு ரெண்டு தேங்காச் சிரட்டை, கல்லு மேல தட்டுனா தெரு, துணி சுத்தி ஈர மண்ணுல தட்டுனா பார்க்கு.

ஸ்பாட்ல எடுத்த சவுண்டை மட்டும் நம்பாதீங்க. வீட்டு ஹால்ல எடுத்த சீன்ல, மெக்லேன் துப்பாக்கியை நீட்டி "ஐயா மன்னிக்கணும், பையை மட்டும் குடுத்துடுங்க"ன்னு சொல்லி முடிச்சதும் சுவத்துல பல்லி கரெக்டா உச்சு கொட்டுச்சு. வீட்டுல அம்மா சகுனம் நல்லாருக்குன்னாங்க. லண்டன்ல ஏதுடா பல்லின்னு அந்த சீன் முழுக்க திரும்ப டப்பிங் பண்ணோம்.