உள்ளங்கையளவு எட்சிங்: வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்புத்தகட்டில் கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் அச்செடுக்கும் படம்தான் எட்சிங். சின்ன எட்சிங்கைத் திரையில் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆறு சென்டிமீட்டர் படம் திரை முழுக்க விரிந்தால் மெல்லிய கோடுகூட முரடாகத் தெரியும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630-இல் கண்களை விரித்து, வாய் திறந்தபடி தன் முகத்தைப் போட்ட செப்புத்தகடு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவந்து பார்க்க வேண்டிய கலை இது. தகட்டின் அளவு, தாளின் அளவு இரண்டையும் கேளுங்கள். அந்த அளவில் ஒரு வெற்றுத்தாளை வெட்டி மேசையில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் வராது.

'இது பிரிண்ட்தானே, காப்பிதானே' என்று நினைப்பது அடுத்தது. தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் வரைந்து, பெர்ரிக் குளோரைடு போன்ற கரைசலில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே இருப்பதைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து அழுத்துவார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்து வரும். ஒவ்வொரு தாளுக்கும் கையால் மை பூசித் துடைப்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று அச்சு அசலாக இருக்காது. ஜன்னலோரம் தாளைச் சாய்த்துப் பிடித்தால் அடர்ந்த கோடுகள் லேசாக மேடிட்டிருப்பது தெரியும். லென்ஸில் கோட்டுக்குப் பதில் புள்ளிகளாகத் தெரிந்தால் இயந்திரத்தில் அச்சான நகலோ என்று சந்தேகப்படுங்கள்.

படத்துக்குக் கீழே பென்சிலில் 7/30 என்று இருந்தால், மொத்தம் முப்பது தாள்களில் ஏழு என்று எண் போட்ட தாள், அவ்வளவுதான். மை காய்ந்த பிறகு மொத்தமாக எண் போடுவதால், அச்சான வரிசையும் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சிறிய எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கரைசலில் அரிக்காமல் ஊசியாலேயே தகட்டைக் கீறும் டிரைபாயிண்ட் மட்டும் வேறு கதை: ஊசி கிளப்பிய செப்புப் பிசிறு சில அச்சுகளிலேயே நசுங்கிவிடும், அதனால் முதலில் எடுத்தவையே செழிப்பாக இருக்கும்.

அப்புறம் பிரேம். அதிகச் சேதம் நடப்பது இங்கேதான். என்னிடம் இருந்த ஒரு குருவிப் படத்தைப் பிரேம் போடக் கொடுத்தேன். சுற்றியிருந்த வெள்ளைத் தாள் வீண் என்று நினைத்து ஓரம் ஒட்ட நறுக்கிவிட்டார்கள். கீழே பென்சிலில் இருந்த கையெழுத்தும் எண்ணும் அதோடு போயின. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அந்த வெள்ளை ஓரமும், தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளமும் படத்தின் பகுதிதான். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்டின் ஜன்னல் அந்தத் தடத்துக்கு வெளியே, கையெழுத்தும் தெரியும்படி தள்ளித் திறக்கட்டும். 'வெட்டாதீர்கள்' என்று எழுதியே கொடுங்கள்.

தாள் நெளிகிறதே என்று அட்டையில் முழுக்க ஒட்டவும் வேண்டாம், அயர்ன் செய்யவும் வேண்டாம். மேடிட்ட கோடு படுத்துவிடும். செல்லோடேப்பின் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கினால் எடுப்பது கடினம். படத்தை அட்டையோடு பிடித்து நிறுத்த ஜப்பானியத் தாளில் வெட்டிய இரண்டு சிறு கீல் பட்டைகள், கோதுமைப் பசை, மேல் ஓரத்தில் மட்டும் போதும். மவுண்ட் அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படும் சுவரும் ஓதம் ஏறிய சுவரும் வேண்டவே வேண்டாம்.

மாட்ட இடமில்லாதவற்றை அமிலமில்லாத உறையில் படுக்கை வாக்கில் வையுங்கள். எடுக்கும்போது கை கழுவி, ஈரம் துடைத்து, எதிரெதிர் ஓரங்களை இரு கையாலும் பிடித்துத் தூக்குங்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் தாளில் விழும் பிறை வடிவ மடிப்பு பிறகு போகவே போகாது.