கைத் தழும்பை மூடாமல் நடமாட

என் இடது முன்கையில் நானே ஏற்படுத்திக்கொண்ட தழும்புகள் இருக்கின்றன. கும்பகோணத்துச் சித்திரை வெயிலிலும் முழுக்கை போட்டுத் திரிந்தவள், இப்போது அரைக்கை ரவிக்கைதான் போடுகிறேன்.

முதலில் காயம் முழுசாக ஆறட்டும். தழும்பு முதிர ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை வெயில் பட்டால் கறுக்கும். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவுங்கள். தடித்திருந்தால் சிலிக்கோன் ஜெல் உதவுமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் நாள் நம்பிக்கையான ஒருவர் முன்னால் மட்டும் போதும். எனக்கு அது சின்ன அத்தை. அப்புறம் காய்கறிக் கடை, டவுன் பஸ். கல்யாண வீட்டைக் கடைசியில் வையுங்கள். பந்தியில் எல்லார் கண்ணும் கையில்தான் இருக்கும்.

கேட்பார்கள். நம் ஊரில் கேட்காமல் விடமாட்டார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் மஞ்சள் கயிறு கட்டிவிடும் பெரியவர்கள் மணிக்கட்டைத் திருப்பியே பார்ப்பார்கள். “அது பழைய விஷயம் பெரியம்மா, இப்ப நல்லா இருக்கேன்.” இவ்வளவு போதும். கதை கட்டாதீர்கள்; யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவு வைப்பதே பெரும் பாரம். குழந்தை கேட்டால், “காயம் கண்ணு, ஆறிடுச்சு.” மேலும் துருவுகிறவருக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

மனம் ஒப்பாத நாளில் துப்பட்டா போர்த்திக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் திரும்ப வந்தால் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அல்லது 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.