விலைப்பட்டியலில் தேடி எடுக்கும் சூத்திரம்: விலுக்அப் முதல் எக்ஸ்லுக்அப் வரை

ஒரு மளிகைக் கடையில் பில் போடுபவர், பொருளின் பெயரைக் கேட்டதும் சுவரில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்தப் பொருள் இருக்கும் வரிசையில் கண்ணை வலப்பக்கம் நகர்த்தி விலையைப் படிக்கிறார். விரிதாளில் இதே வேலையைச் செய்யும் சூத்திரத்திற்குத்தான் விலுக்அப் என்று பெயர். 1985-இல் வெளிவந்த எக்செல்லின் முதல் பதிப்பிலேயே இது இருந்தது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலும் இது அப்படியே வேலை செய்யும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இந்தப் பதிவில் சூத்திரங்களையும் நெடுவரிசை எழுத்துகளையும் தமிழில் எழுதியிருக்கிறேன். விரிதாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். சமக்குறியைப் போட்டுவிட்டு வி, எல், ஓ, ஓ, கே, யு, பி என்று தட்டத் தொடங்கும்போதே விரிதாள் முழுப் பெயரையும் எடுத்துக் கொடுத்துவிடும்.

பட்டியலைத் தயார் செய்தல்

புதிய கோப்பில் இரண்டு தாள்களை உருவாக்கி, ஒன்றுக்கு ‘விலை’ என்றும் மற்றொன்றுக்கு ‘பில்’ என்றும் பெயரிடுங்கள். விலைத் தாளின் முதல் வரிசையில் ஏ முதல் டி வரை குறியீடு, பொருள், அலகு, விலை என்று தலைப்பிட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து பதின்மூன்றாம் வரிசை வரை பன்னிரண்டு பொருள்களை நிரப்புங்கள். குறியீடு 101-இல் தொடங்கி 112 வரை செல்லட்டும்: 101 துவரம் பருப்பு, கிலோ, 160, 102 உளுத்தம் பருப்பு, கிலோ, 140, 103 கடலைப் பருப்பு, கிலோ, 95, 104 நல்லெண்ணெய், லிட்டர், 380, 105 சௌசௌ, கிலோ, 40, மற்றவை உங்கள் விருப்பம். விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

பில் தாளில் ஏ முதல் இ வரை குறியீடு, பொருள், அளவு, விலை, தொகை என்று தலைப்பிடுங்கள். இவற்றில் குறியீட்டையும் அளவையும் மட்டும் நாம் தட்டுவோம்.

முதல் சூத்திரம்

பில் தாளின் ஏ2 செல்லில் 103 என்றும், சி2 செல்லில் 2 என்றும் தட்டிவிட்டு, டி2 செல்லில் இதை எழுதுங்கள்:

=விலுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$டி$13, 4, 0)

95 என்று விடை வரும். அடைப்புக்குள் இருக்கும் நான்கில் முதலாவது, எதைத் தேட வேண்டும் என்பது. இரண்டாவது, எந்த அட்டவணையில் தேட வேண்டும் என்பது. இதைக் கையால் தட்டாமல் விலைத் தாளுக்குச் சென்று மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், தாளின் பெயரையும் அதற்குத் தேவையான மேற்கோள் குறிகளையும் விரிதாளே சேர்த்துக்கொள்ளும். மூன்றாவது, கண்டுபிடித்த வரிசையில் எத்தனையாவது நெடுவரிசையின் மதிப்பைத் தர வேண்டும் என்பது. இந்த எண்ணிக்கை நாம் தேர்ந்தெடுத்த அட்டவணையின் இடது ஓரத்திலிருந்துதான் தொடங்குமே தவிர, தாளின் தொடக்கத்திலிருந்து அல்ல. அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு 4 என்று கேட்டால் ‘ரெஃப்’ என்ற பிழை வரும்.

நான்காவதாக உள்ள 0, சரியாகப் பொருந்தும் மதிப்பை மட்டும் எடு என்று சொல்கிறது. இதை எழுதாமல் விட்டால், விரிதாள் தோராயப் பொருத்தத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது பட்டியலில் இல்லாத 115 என்ற குறியீட்டைத் தவறுதலாகத் தட்டினாலும் பிழை ஏதும் காட்டாமல், அதற்குக் கீழ்ப்பட்ட மிகப் பெரிய குறியீடான 112-இன் விலையைக் கொடுத்துவிடும். பிழைச்செய்தி வந்தாலாவது திருத்திக்கொள்ளலாம். பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறான விலையை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே இந்த 0-வை எழுதும் பழக்கம் முதல் நாளிலேயே கைக்கு வர வேண்டும்.

பொருளின் பெயரை வரவழைக்க, பி2 செல்லில் இதே சூத்திரத்தை 4-க்குப் பதில் 2 என்று மாற்றி எழுதுங்கள். இ2 செல்லில் =சி2*டி2 என்று எழுதினால் 190 வரும்.

இனி பி2, டி2, இ2 ஆகியவற்றைக் கீழே இழுத்து நிரப்பலாம். அட்டவணை முகவரியில் டாலர் குறிகளைப் போட்டது இதற்காகத்தான். அவை இல்லாவிட்டால் மூன்றாம் வரிசையில் ஏ2:டி13 என்பது ஏ3:டி14 என்று நகர்ந்து, பட்டியலின் முதல் பொருளான துவரம் பருப்பு தேடலுக்கு வெளியே போய்விடும். முகவரியைத் தேர்ந்தெடுத்த நிலையில் எஃப்4 விசையை அழுத்தினால் டாலர் குறிகள் தானாக விழும். நாளை பதின்மூன்றாவது பொருளைச் சேர்க்கும்போது அது எல்லைக்கு வெளியே நின்றுவிடும் என்பதால், நான் பெரும்பாலும் $ஏ:$டி என்று முழு நெடுவரிசைகளையே கொடுத்துவிடுகிறேன்.

கண்ணுக்குத் தெரிகிறது, விரிதாளுக்குக் கிடைக்கவில்லை

தேடியது கிடைக்காதபோது ‘#என்/ஏ’ என்ற பிழை வரும். பட்டியலில் அந்தப் பொருள் கண்ணெதிரே இருக்கும்போதே இப்படி வந்தால், சூத்திரத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுத் தேடும் மதிப்பைப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

முதற்காரணம், எண்ணாகத் தோன்றும் எழுத்து. வேறொரு மென்பொருளிலிருந்து நகலெடுத்த 103, எண்ணாக அல்லாமல் எழுத்துத் தொடராக வந்திருக்கலாம். நீங்கள் சீரமைப்பை மாற்றியிராவிட்டால், எண் செல்லின் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். இதுவே எளிய அடையாளம். வேல்யூ என்ற சூத்திரத்தால் அதை எண்ணாக மாற்றலாம். இரண்டாவது, சொல்லின் முன்னும் பின்னும் ஒளிந்திருக்கும் இடைவெளி. அதை ட்ரிம் நீக்கிவிடும்.

தமிழில் பெயரை வைத்துத் தேடுபவர்களுக்கு இன்னும் சில தொல்லைகள் உண்டு. ‘துவரம் பருப்பு’ என்பதும் ‘துவரம்பருப்பு’ என்பதும் நமக்கு ஒன்று, விரிதாளுக்கு வேறு வேறு. இந்த நடு இடைவெளியில் ட்ரிம் உதவாது. சௌசௌவில் வரும் ஔகாரக் குறியை ஒருவர் முறையாகத் தட்ட, இன்னொருவர் எகரக் கொம்புடன் ளகரத்தைச் சேர்த்துத் தட்டினால், அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் குறியீடுகள் வேறு என்பதால் பொருந்தாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் என்றால், திரையில் தமிழாகத் தெரிவது உண்மையில் ஆங்கில எழுத்துகளே ஆகும். யூனிகோடில் தட்டிய பெயரோடு அது ஒருபோதும் சேராது. நான் பெயரை விட்டுக் குறியீட்டு எண்ணால் தேடச் சொல்வது இதனால்தான்.

பிழைச்செய்தியை மறைக்க இஃப்எரர் என்ற சூத்திரத்தைப் பலரும் உடனே சுற்றிவிடுகிறார்கள். அது எல்லாப் பிழைகளையும் சேர்த்து மூடிவிடும். ‘#என்/ஏ’வுக்கு மட்டும் பதில் சொல்லும் இஃப்என்ஏ போதும், அதையும் சூத்திரம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே குறியீடு இருமுறை இருந்தால் விலுக்அப் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். நான் உதவிய கடை ஒன்றில் புதிய விலையைப் பட்டியலின் அடியில் புது வரிசையாகச் சேர்த்திருந்தார்கள். மேலே பழைய வரிசை அப்படியே இருந்ததால், ஒரு வாரம் பழைய விலையிலேயே பில் ஓடியது. விலைத் தாளின் எஃப்2 செல்லில் =கவுண்ட்இஃப்($ஏ:$ஏ, ஏ2) என்று எழுதிக் கீழே இழுத்தால், 1-க்கு மேல் காட்டும் இடமெல்லாம் இரட்டிப்பு.

இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால்

விலுக்அப் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் மட்டுமே தேடும். அதற்கு வலப்பக்கம் உள்ளதை மட்டுமே தரும். மேலும், நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைச் செருகினால் 4 என்ற எண் மாறாமல் நின்று, விலைக்குப் பதில் அலகு வந்து விழும். மேட்ச், இண்டெக்ஸ் ஆகிய இரண்டையும் இணைத்தால் இந்த இரு குறைகளும் தீரும். ஜி2 செல்லில் உள்ள பெயருக்குரிய குறியீட்டைப் பெற:

=இண்டெக்ஸ்(விலை!$ஏ$2:$ஏ$13, மேட்ச்(ஜி2, விலை!$பி$2:$பி$13, 0))

மேட்ச் அந்தப் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்ல, இண்டெக்ஸ் அந்த இடத்தில் உள்ள குறியீட்டை எடுத்துத் தருகிறது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் அறிவித்த எக்ஸ்லுக்அப் இதையே ஒரே சூத்திரத்தில் முடிக்கிறது:

=எக்ஸ்லுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$ஏ$13, விலை!$டி$2:$டி$13, "பட்டியலில் இல்லை")

இதில் சரியான பொருத்தமே இயல்புநிலை, 0 தேவையில்லை. ஆனால் எக்செல் 2016, 2019 பதிப்புகளில் இது கிடையாது. கோப்பைப் பழைய கணினி உள்ளவருக்கு அனுப்புவதாக இருந்தால் இண்டெக்ஸ், மேட்ச் இணையே பாதுகாப்பானது.

தோராயப் பொருத்தம் வேண்டிய இடம்

படிநிலைத் தள்ளுபடிக்குத் தோராயப் பொருத்தம்தான் சரி, அதற்குக் கடைசியில் 0-க்குப் பதில் 1 எழுத வேண்டும். ‘தள்ளுபடி’ என்ற தாளில் ஏ2 முதல் ஏ5 வரை 0, 500, 1000, 2500 என்றும், எதிரே பி நெடுவரிசையில் 0%, 2%, 3%, 5% என்றும் எழுதுங்கள். பில் தொகை இ20 செல்லில் இருந்தால்:

=இ20*விலுக்அப்(இ20, தள்ளுபடி!$ஏ$2:$பி$5, 2, 1)

1,840 ரூபாய்க்கு 1000-இன் படி பொருந்தி 55.20 வரும், 999 ரூபாய்க்கு 2% மட்டுமே. ஏ நெடுவரிசை ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும், இல்லையேல் விடை தாறுமாறாக வரும். முதல் வரிசையில் உள்ள 0-வைத் தேவையற்றது என்று நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் 500 ரூபாய்க்குக் குறைந்த ஒவ்வொரு பில்லிலும் ‘#என்/ஏ’ வந்து நிற்கும்.