டிராக்டர் ஹைட்ராலிக்கில் விறகு பிளக்கும் மெஷின் செய்வது எப்படி?

இரும்பு வாங்கப் போகும் முன் டிராக்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிப்பருக்கு மட்டும் ஒரே ஹோஸ் வாய் இருக்கிறதா, இல்லை எண்ணெயின் திசையை மாற்றும் டிசி வால்வும் இரண்டு வாயும் இருக்கிறதா? டிப்பர் ஜாக்கியை எண்ணெய் தூக்கும், டிரெய்லரின் எடை இறக்கிவிடும். விறகு மெஷினில் படுத்துக் கிடக்கும் சிலிண்டருக்கு அந்த வசதி இல்லை. போகவும் வரவும் எண்ணெய்தான் தள்ள வேண்டும். அதனால் டபுள் ஆக்டிங் சிலிண்டர், லீவரால் எண்ணெயை முன்னும் பின்னும் திருப்பிவிடும் ஸ்பூல் வால்வு, எண்ணெய் திரும்ப ஒரு தனி ஹோஸ் மூன்றும் கட்டாயம். ஒரே வாய்தான் என்றால் முதலில் மெக்கானிக்கைப் பாருங்கள்.

சிலிண்டர்

உள்விட்டம் 100 மி.மீ., ராடு (உள்ளிருந்து நீளும் தண்டு) 50 மி.மீ., ஓட்டம் (ராடு நீளும் தூரம்) 600 மி.மீ. போதும். 150 பார் அழுத்தத்தில் சுமார் 12 டன் தள்ளும். 125 மி.மீ. எடுத்தால் சுமார் 19 டன் கிடைக்கும், ஆனால் வேகம் போய்விடும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் பம்பில் சின்னது முழுதாக நீள 14 விநாடி, பெரியதற்கு 22. நாள் முழுக்கப் பிளப்பவருக்கு அந்த 8 விநாடி பெரிய விஷயம். கணு நிறைந்த புளியங்கட்டைதான் அதிகம் என்றால் மட்டும் பெரியதற்குப் போங்கள்.

சட்டம்

200 மி.மீ. ஐ பீம், 2 மீட்டர் நீளம். ஒரு முனையில் 25 மி.மீ. பிளேட்டில் செய்த ஆப்பு, மறுமுனையில் சிலிண்டர். சிலிண்டர் பீமை ஒட்டித் தாழ்வாக இருக்கட்டும். உயர உயர பீம் வளையும். சிலிண்டர் உடம்பில் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் சீல் போய்விடும். பின்னால் பின் (முளை ஆணி) போட்டு மாட்டுங்கள். அந்தப் பின் நிற்கும் பிளேட்டும் ஆப்பும்தான் முழு 12 டன்னையும் தாங்குகின்றன. அந்த இரண்டு இடத்தையும் நல்ல வெல்டரிடம் கொடுத்து, 7018 வெல்டிங் ராடில், முட்டுப் பிளேட்டோடு அடிக்கச் சொல்லுங்கள். முழுதாக நீண்டாலும், சிலிண்டர் ராடின் முனையில் கட்டையைத் தள்ளும் பிளேட் ஆப்பைத் தொடாமல் 20 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும்.

எண்ணெய் வழி

பல டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். ஹோஸில் கிடக்கும் இரும்புத் தூள் பம்பையே தின்றுவிடும். மாட்டும் முன் ஒவ்வொரு ஹோஸையும் டீசல் விட்டுக் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். அழுத்த வழிக்கு கம்பிப் பின்னல் உள்ள அரை அங்குல ஹோஸ், திரும்பும் வழிக்கு முக்கால் அங்குலம். மாட்டும்போது திரும்பும் ஹோஸ்தான் முதலில். அது அடைபட்டிருக்கும்போது பம்ப் தள்ளினால் வால்வு வெடிக்கும். வால்வில் ரிலீஃப் (அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் வழி) இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கட்டை வைக்காமல் சிலிண்டரை நாலைந்து முறை முழுதாக ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். சிலிண்டரும் ஹோஸும் எண்ணெய் குடித்திருக்கும். டிராக்டரில் அளவு பார்த்து ஊற்றுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பட்டுவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓட்டும்போது

ஒருவர் கட்டை வைக்க, இன்னொருவர் லீவர் இழுப்பது வேண்டவே வேண்டாம். விரல் போவது அப்படித்தான். வைப்பவரே இழுக்கட்டும். கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் லீவராக வாங்குங்கள். கட்டை ஆப்பில் சிக்கினால் சுத்தியலால் அடிக்காதீர்கள். சிலிண்டரைப் பின்னிழுத்து எஞ்சினை நிறுத்திவிட்டு, கடப்பாரையால் நெம்பி எடுத்து, மறுமுனையைத் திருப்பி வையுங்கள்.