கண்மாயும் உறைந்த கால்வாயும்: நாடுகளின் தட்பவெப்பத்தையும் விளையாட்டையும் ஒப்பிடும் முறை

பள்ளிக் கண்காட்சிக்கு வரும் சார்ட்டுகளில் பெரும்பாலும் இடப்பக்கம் நாட்டின் பெயர், நடுவில் "வெப்பம்" அல்லது "குளிர்", வலப்பக்கம் ஒரு விளையாட்டு இருக்கும். அதிலிருந்து பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. எந்த மாதத்தில், எந்த இடத்தில் ஆடலாம் என்பதைத்தான் தட்பவெப்பம் முடிவு செய்கிறது. எந்த ஆட்டம் என்பதைப் பெரும்பாலும் வரலாறு முடிவு செய்கிறது. இந்த இரண்டும் தனித்தனியே கண்ணில் படும்படி சார்ட் அமைய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதல் தாள் காரைக்குடிப் பக்கத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய் பெருகும். அறுப்பு முடிந்து வயலும் பொட்டலும் காய்ந்து மாட்டின் குளம்பு வழுக்காமல் இருக்கும் தையில், பொங்கலையொட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு. பங்குனி, சித்திரையில் அதே கண்மாய் வற்றி, வெடித்த வண்டல் காலடி பட்டுப் பட்டு இறுகியதும் நடுவில் மூன்று குச்சி நட்டுக் கிரிக்கெட். அதுவும் காலையில், இல்லையென்றால் நான்கு மணிக்குமேல். உச்சிவெயிலில் எவரும் மட்டை தூக்குவதில்லை. இதைப் பிள்ளைகளே மாதம் மாதமாகச் சொல்லி நிரப்பிவிடுவார்கள். முறையும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

தேவையானவை: ஊருக்கு ஒன்றாக ஏ4 கிராஃப் தாள், ஒரு முழு சார்ட் அட்டை, நான்கு நிறப் பென்சில், அட்லஸ். எண்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையும் உலக வானிலை அமைப்பும் தரும் மாதச் சராசரிகள் போதும். 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரியையே எல்லா ஊருக்கும் எடுக்க வேண்டும். போன வருடத்து எண்ணை எடுத்தால், ஒரு புயல் வந்து போன மாதம் என்றைக்கும் மழைமாதம்போலத் தெரியும். காரைக்குடிக்கு எண் கிடைக்காவிட்டால் மதுரையின் எண்ணை வைத்துக்கொண்டு, அப்படிச் செய்ததைத் தாளின் அடியில் எழுதிவிடுங்கள். நாட்டுக்கு ஒரே சராசரி என்று எடுப்பது வீண் வேலை. சிம்லாவையும் நம் ஊரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டு ஊருமே தெரியாமல் போகும்.

இனி அளவு. படுக்கைக்கோட்டில் மாதத்துக்கு 1 செ.மீ., ஆக 12 செ.மீ. இடப்பக்கம் மழைக்கு 1 செ.மீ. = 50 மி.மீ. வலப்பக்கம் வெப்பநிலைக்கு 1 செ.மீ. = 5 டிகிரி செல்சியஸ். பூச்சியக் கோட்டைத் தாளின் அடியில் போடாமல் 4 செ.மீ. மேலே போடுங்கள். ஜனவரிச் சராசரி மைனஸ் 10 டிகிரியை ஒட்டி நிற்கும் கனடாவின் ஒட்டாவாவை வரையும்போது அந்த இடம் வேண்டும். கோட்டுக்குமேல் 14 செ.மீ. விட்டால், ஜூலையில் 500 மி.மீ.க்குமேல் கொட்டும் பர்மாவின் யாங்கோனும் (ரங்கூன்) அடங்கும். மழையைக் கட்டையாகவும் வெப்பத்தைக் கோடாகவும் வரையுங்கள். எல்லாத் தாளிலும் இதே அளவு இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு தாளையும் அழகாக நிரப்ப வேண்டுமென்று அளவை மாற்றினால், ஆண்டு முழுக்க 100 மி.மீ.கூடப் பெய்யாத கத்தாரின் தோஹா யாங்கோனைப்போல நனைந்து தெரியும்.

படத்துக்கு அடியில் அதே 12 மாதங்களுக்கு நேராக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 செ.மீ. உயரத்தில் ஒரு பட்டை. வெளியில் ஆடும் மாதங்களுக்கு முழு நிறம், கூரைக்குள் ஆடினால் சாய்கோடு. தை ஜனவரி நடுவில் பிறக்கிறது. தமிழ் மாதத்தைக் குறிக்கும்போது பாதிக் கட்டம் தள்ளிக் குறிக்காவிட்டால் பட்டை முழுவதும் முன்னால் நகர்ந்துவிடும்.

எந்த ஊர்களை எடுப்பது? நம் பக்கத்துப் பெரியவர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, கடல் கடந்து போன சீமைகளையே முதலில் எடுங்கள். வீட்டுத் தேக்குத்தூண் எங்கிருந்து வந்தது என்று அறிந்த பிள்ளைக்கு யாங்கோன் அந்நியமில்லை. பர்மாவின் சின்லோன், மலேசியாவின் செபாக் தக்ரோ இரண்டுமே பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடி வளர்ந்த ஆட்டங்கள். மழைக்காடு பிரம்பைத் தந்தது. இப்போது தக்ரோவுக்குச் செயற்கைப் பந்து வந்துவிட்டது. தக்ரோக் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். இரட்டையர் பாட்மிண்டன் களமும் அதே அளவுதான். பாட்மிண்டனுக்குச் சாய்கோடு போடும்போது காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். 5 கிராம் அளவே உள்ள இறகுப்பந்தைக் காற்று தள்ளிவிடும், அதனால் அது கூரைக்குள் போனது. மழை ஊரான மலேசியாவிலும் நீண்ட குளிர்காலம் உள்ள டென்மார்க்கிலும் அது செழித்ததற்கு அந்தக் கூரை உதவியது.

குளிர்நாட்டுக்கு நெதர்லாந்தை எடுங்கள். அங்குள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் பதினோரு ஊர்களைச் சுற்றிச் சுமார் 200 கி.மீ. நடக்கும் எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் சறுக்குப் பந்தயத்துக்கு வழிநெடுகிலும் பனிக்கட்டி 15 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். கடைசியாக 1997 ஜனவரி 4-இல் நடந்தது. அதற்குப் பிறகு வழிநெடுகிலும் பனி அந்தத் தடிமனுக்கு இறுகவில்லை. தண்ணீர் வற்றினால் நமக்குக் களம், உறைந்தால் அவர்களுக்குக் களம். இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சில இடங்களில் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு ஜனவரி கோடை; மெல்போர்ன் கோடு நடுவில் குழிந்து வரும், தவறென்று அழித்துவிடாதீர்கள். கென்யாவின் நைரோபி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தும் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குளுமையானது. எனவே அட்சரேகையோடு உயரத்தையும் தாளின் தலையில் எழுதுங்கள். "தேசிய விளையாட்டு" என்ற பட்டத்தை மக்கள் விரும்பும் ஆட்டமாக எண்ணக் கூடாது. இலங்கையின் தேசிய விளையாட்டு வாலிபால், தெருவில் ஆடுவது கிரிக்கெட். இந்தியாவில் எந்த ஆட்டத்துக்கும் அந்தப் பட்டம் அதிகாரபூர்வமாகத் தரப்படவில்லை.

கடைசி இரண்டு தாள்கள் ஜமைக்காவுக்கும் கியூபாவுக்கும். ஒரே கடல், ஒரே புயல், வெப்பக்கோடும் அதிகம் விலகாது. ஆனால் பிரிட்டன் ஆண்ட ஜமைக்காவில் கிரிக்கெட். கியூபாவில் பேஸ்பால், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மாணவர்கள் 1860-களில் கொண்டுவந்தது. இந்தத் தாள்கள் ஒட்டியபிறகு, ஒவ்வொரு ஊருக்கும் கீழே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: "இந்த மாதத்தில் ஆடுவதற்குக் காரணம்", "இந்த ஆட்டம் இங்கே வந்த வழி". முதல் வரிக்கான விடை கட்டையிலும் கோட்டிலும் இருக்கும். இரண்டாவதற்குப் பிள்ளைகள் வரலாற்றுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். காரைக்குடித் தாளுக்கு வீட்டு ஆச்சியையும் ஐயாவையும் கேட்டாலே கிடைத்துவிடும்.